பதினேழு படி

இந்த நிலையத்தின் வரலாறு வேண்டுமென்றால்
மேலே கூடத்துச் சுவரில் பித்தளையில் பொறித்திருக்கிறது:
எந்த ஆண்டு கட்டியது, எப்போது இடிந்தது,
நாடா வெட்டியவர் எவர்.
நான் துக்கும்ஸ் போகும் மின்வண்டியின் பரிசோதகன்.
முப்பத்தைந்து ஆண்டாய் ஒரு வண்டிக்கும் மறு வண்டிக்கும் நடுவே
எனக்கு விடுவது ஒன்பது நிமிடம்.
பலகை படிக்கப் போதாது.
பதினேழு படி இறங்கி
கழிப்பறை வாசலில் ஔஸ்மாவின் தட்டைத்தான்
படித்திருக்கிறேன்.

விளிம்பு உடைந்த பீங்கான் தட்டு.
உணவுப் பெட்டியின் முத்திரை அடியில் இருக்கும்.
எப்படி வந்தது என்றால்
"நடந்து வந்தது" என்பாள்.

முதலில் அதில் கோபெக்குகள் விழுந்தன.
லெனின்கிராட் இரவுவண்டி வந்த காலைகளில்
தூக்கம் கலையாத முகங்கள்
தாடியில் சோப்பு நுரையோடு வரிசையாக நிற்கும்.
பிறகு அந்த ஊரின் பெயர் மாறியது.
எங்கள் நாட்டின் பெயரும்.
காசு போய்க் காகிதம் வந்தது.
யாராவது கதவைத் திறந்தால் பறந்துவிடும்.
ஔஸ்மா அதன் மேல் ஒரு தண்டவாள ஆணியை வைத்தாள்.
அந்தக் குளிர்காலம் முழுக்க
நாட்டின் பொருளாதாரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது
துருப்பிடித்த ஓர் ஆணி.

அப்புறம் லாட்.
ஒரு பக்கம் சால்மன் மீன் துள்ளும் கனமான காசு.
தட்டில் முழு லாட் போடுகிறவன்
குடித்திருக்க வேண்டும், இல்லை
காதலில் விழுந்திருக்க வேண்டும்.
ஒருநாள் மீனுக்குப் பதில்
எறும்பு பொறித்த காசொன்று விழுந்தது.
எடுத்துத் தன் மேலங்கிப் பையில் போட்டுக்கொண்டு
அதற்கு ஈடாய்ச் சில்லறை எண்ணித் தட்டில் வைத்தாள்.
கணக்கு கணக்குதான்.

ஜூலையில் யூர்மலாவில் குளித்துத் திரும்புகிறவர்கள்
விரலிடுக்கில் கடற்கரையைக் கொண்டுவருவார்கள்.
மாலைக்குள் இரண்டு வாளி மணல் கூட்டுவாள்.
செப்டம்பரில் காளான் கூடைகள்.
உள்ளே போய்வரும்வரை பார்த்துக்கொள்ளக் கட்டணமில்லை,
ஒரு காளான் குறைந்திருக்கும், அவ்வளவுதான்.
பொத்தான் அறுந்தால் ஊசி நூல்.
அழ வேண்டுமென்றால் மூன்றாவது அறை.
அதன் தாழ்ப்பாள்தான் உறுதி.
கேட்கவே மாட்டாள். முகத்தைப் பார்ப்பாள், "மூன்று" என்பாள்.
என்னையும் ஒருமுறை அனுப்பியிருக்கிறாள்.

அந்த மார்ச் மாதம்
கார்கிவிலிருந்து பெண்கள் வந்தார்கள்.
ஒருத்தி கையில் பூனைக்கூண்டு,
ஒருத்தி கையில் வீட்டுச் சாவி மட்டும்.
பைக்குள் துழாவித் துழாவித்
தங்கள் ஊர்க் காசை நீட்டியபோது
ஔஸ்மா தட்டைக் கவிழ்த்து வைத்தாள்.
ஆறு வாரம் நிமிர்த்தவில்லை.
மேலாளர் ஒரு குறிப்பு அனுப்பினார்.
அதை எட்டாய் மடித்து
ஆடிக்கொண்டிருந்த மேசைக்காலுக்கு அடியில் கொடுத்தாள்.
மேசை இன்றும் ஆடுவதில்லை.

எறும்பு ஊரக் கல்லும் தேயுமாம்.
ஏழாம் படி நடுவில் குழிந்திருக்கிறது,
மழைநாளில் தண்ணீர் நிற்கும்.
இதைப் பித்தளைப் பலகையில் எழுத மாட்டார்கள்.

இப்போது எஃகுத் தடுப்பு வந்துவிட்டது.
அட்டையைக் காட்டினால் பச்சை விளக்கு.
தட்டுக்கு வேலையில்லை, அவளுடைய தேநீர்க் கோப்பையைத் தாங்குகிறது.
அட்டையை எந்தப் பக்கம் காட்டுவதென்று
சொல்லிக்கொடுப்பதுதான் இனி அவள் உத்தியோகம்,
அதுவும் வசந்தம் வரை.

நேற்று ஒரு கிழவர்,
கையில் அட்டை இல்லை, காசும் இல்லை,
அவசரம் மட்டும் இருந்தது.
ஔஸ்மா எழுந்தாள்.
சுற்றிலும் பார்த்தாள், நான் இருந்தேன்,
நான் கணக்கில் இல்லை.
தடுப்பின் இடுப்பில், பூட்டுக்கு ஒரு சாண் கீழே,
முழங்காலால் ஒரு இடி.
திறந்தது.

"எல்லாருக்கும் சொல்லாதே" என்றாள் என்னிடம்.
மேலே துக்கும்ஸ் வண்டிக்கு அறிவிப்பு கேட்டது.
இரண்டு இரண்டு படியாய் ஏறினேன்.